ஏழாவது நிபந்தனை

டிசம்பர் 27

இன்று டீச்சரிடம் சொல்லாதது: காலை ஐந்து மணிக்கு மாடியில் நடப்பது நான் அல்ல.

பால் வாங்கக் கீழே இறங்கியபோது வாசலில் நிறுத்திக் கேட்டார். "ஏம்மா சுபா, விடியக்காலம் ஹீல்ஸ் போட்டுக்கிட்டா நடக்குற? டக்கு டக்குன்னு என் கட்டிலுக்கு நேர் மேல கேக்குது." நான் சிரித்து வைத்தேன். அதை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். இடுப்பு வலி வரும், தட்டைச் செருப்பு வாங்கு என்றார். சரி டீச்சர் என்றேன். என்னிடம் ஒரு ஜோடி ஹீல்ஸ்கூடக் கிடையாது.

நடப்பது ஒரு கிடா. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. கிறிஸ்துமஸ் காலையில் டீச்சர் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் குருசாமி மாமா அதை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து, நான் குளித்துவிட்டு வருவதற்குள் பின்பக்க வராந்தாவில் கட்டிவிட்டுப் போய்விட்டார். மாமாவும் அத்தையும் ஏலத்தோட்ட வேலைக்குக் கேரளா போகிறார்கள். "ரெண்டு மாசந்தான். மாசி வரைக்குந்தான்" என்றாள் அம்மா, ஏதோ ஊரிலிருந்து வந்த மருமகனைப் பற்றிச் சொல்வதுபோல.

விற்றுவிடலாமே என்றேன். நேர்ந்துவிட்ட கிடாவை விற்கக் கூடாதாம். யாருக்கும் கொடுக்கவும் கூடாதாம். சாமிக்கு என்று காதில் வெட்டு வைத்த நாளிலிருந்து அது எங்கள் குலசாமி சோணையாவின் சொத்து, நாங்கள் காவல். எதற்காக நேர்ந்தாய் என்று கேட்டேன். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றாள். அம்மா இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது நான் மேற்கொண்டு கேட்பதில்லை. அது என் பழைய தவறு.

டீச்சரின் முழுப் பெயர் ஞானசௌந்தரி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கீழே குடியிருக்கும் எங்கள் வீட்டு ஓனர். நாங்கள் குடிவந்த அன்று பதினொரு நிபந்தனைகளைத் தன் கையால் எழுதி எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டினார். ஏழாவது: "நாய், பூனை, கிளி, புறா, முயல், மீன் முதலான எவ்வுயிரையும் வளர்த்தல் கூடாது." பட்டியலில் ஆடு இல்லை. அந்த 'முதலான' மட்டும் இல்லையென்றால் எனக்கு ஒரு வழக்கு இருந்திருக்கும்.

திண்டுக்கல்லில் ஆணில்லாத வீட்டுக்கு வாடகைக்கு வீடு தேடுவது எப்படி என்று எனக்குத் தெரியும். நான்கு மாதம் தேடினேன். இந்த வீடு போனால் இன்னொரு வீடு இல்லை.

டிசம்பர் 28

அம்மா பழைய துணி மூட்டையில் தேடி இரண்டு ஜோடி சாக்ஸ் எடுத்து, கிடாவின் நான்கு கால்களிலும் மாட்டி நூலால் கட்டிவிட்டாள். சாம்பல் நிறம், ஓரத்தில் நீலக் கோடு. தினகரனுடையவை. ஏப்ரலில் நான் அவசரமாகப் பெட்டி கட்டியபோது தவறி வந்திருக்க வேண்டும்.

"மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு" என்றாள் அம்மா, முடிச்சைப் பல்லால் இறுக்கியபடி.

சத்தம் நின்றது. மாலைக்குள் கிடா ஒரு சாக்ஸைத் தின்றுவிட்டது. மூன்று காலில் சாக்ஸோடு நிற்கும் ஒரு விலங்கைப் பார்த்துக்கொண்டு நூலகத்துக்கு வந்த புதிய புத்தகங்களின் பட்டியலைத் திருத்துவது எளிதல்ல.

டிசம்பர் 30

நாற்றம். கிடாவின் நாற்றத்தைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் எச்சரிக்கவில்லை. திரைச்சீலையில், தலையணையில், என் தலைமுடியில். கல்லூரி நூலகத்தில் ஒரு மாணவி மேசை மாறி உட்கார்ந்தாள்.

குளிப்பாட்டினேன். முதல் செம்புத் தண்ணீர் பட்டதும் தலையில் தொடங்கி வால்வரை ஓர் உதறு உதறியது. சுவர், காலண்டர், அம்மாவின் புடவை, என் கண்ணாடி எல்லாம் நனைந்தன. இரண்டாவது செம்புக்கும் அதேதான். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ஏன் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

ஜனவரி 1

இந்த நோட்டு இனி தவிட்டு மூட்டைக்குள் இருக்கும். யாரும் கைவிட்டுத் துழாவாத இடம். பீரோ சரிவராது என்பதைப் போன வருடமே கற்றுக்கொண்டேன்.

ஜனவரி 4

எல்லாம் தெரிந்துவிட்டது.

டீச்சர் தன் முன்வாசலில் ஒவ்வொரு வருடமும் பெரிய குடில் வைப்பார். வைக்கோல் கூரை, மண் பொம்மைகள், மூங்கிலில் ஒரு நட்சத்திரம். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்துதான் பிரிப்பாராம். இன்று காலை அவர் பூசைக்குப் போனதும் அம்மா வராந்தாவைக் கழுவ வேண்டி கிடாவை மாடிப்படிக் கைப்பிடியில் கட்டினாள். நான் உள்ளே இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். கேட் திறக்கும் சத்தமும் ஓர் அமைதியும் கேட்டன. அந்த அமைதி சரியில்லை என்று ஓடினேன்.

கிடா குடிலுக்குள் நின்றுகொண்டிருந்தது. கூரையில் பாதியைத் தின்றிருந்தது. ஒரு பக்கம் மண் ஒட்டகம், மறுபக்கம் மண் ஆடுகள், நடுவில் இது, காலில் தினகரனின் சாக்ஸ். டீச்சர் முக்காட்டுத் துணியைத் தலையிலிருந்து எடுக்காமல் நின்றார். குடிலில் தான் வைக்காத ஓர் ஆடு எப்படி வந்தது என்று கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருந்ததுபோல இருந்தது.

நான் மன்னிப்பை ஒழுங்காக ஆரம்பித்தேன். டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. "சுபா, நான் உங்களுக்கு எழுதிக் குடுத்திருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டதும் வீடு போயிற்று என்று தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் அம்மா துடைப்பத்தோடு படியில் வந்து நின்று, "சாமிக்கு நேந்துவிட்ட கெடா டீச்சரம்மா" என்றாள்.

டீச்சரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். துணியைத் தலையில் மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டார். கிடாவின் வலது காதை, அந்த வெட்டை, விரலால் தொட்டுப் பார்த்தார். அவருடைய அப்பா அந்தோணியாருக்கு ஆடு நேர்ந்துவிட்டுப் பொங்கிப் போட்டவராம். அவர்கள் ஊரில் நேர்ச்சை ஆடு யார் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்ட மாட்டார்களாம். "எந்தச் சாமிக்கா இருந்தா என்ன, நேர்ச்சை நேர்ச்சைதான்" என்றார். பிறகு, மிச்சமிருந்த வைக்கோலையும் உருவி அதன் முன்னால் போட்டார்.

மூன்று வருடமாக ஒரு மீன் தொட்டிக்கு அனுமதி கேட்டுத் தோற்ற முந்தைய குடித்தனக்காரரைப் பற்றி எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புப் பாடத்தில் தொடங்கி நான் இதுவரை படித்த எந்தத் தர்க்கமும் இங்கே செல்லாது.

ஜனவரி 5

டீச்சர் மேலே வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏழாவது நிபந்தனைக்குக் கீழே சிவப்பு மையில் சேர்த்து எழுதினார்: "நேர்ச்சைப் பிராணி நீங்கலாக. நேர்ச்சை நிறைவேறும் நாள் வரை மட்டும்." கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். கிடாவை மொட்டைமாடிக்கு மாற்றச் சொன்னார். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பழைய தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது.

அம்மாவுக்கு நிம்மதி. எனக்கு ஒரு சாக்ஸ் மிச்சம். மற்ற இரண்டையும் தின்றுவிட்டது.

ஜனவரி 6

மாலை மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன். டீச்சரும் அம்மாவும் கிடாவுக்கு அகத்திக்கீரை ஊட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டே நாளில் ஒட்டிக்கொண்ட சம்பந்திகள்போல.

டீச்சர் என்னைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்: "நானும் ஜெபம் பண்ணிக்கிறேன்மா. மாசியோட நீ ஒன் வீட்டுக்குப் போய்ச் சேந்துருவ."

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. அம்மா கீரைக் கட்டைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தாள்.

இப்படித்தான் தெரிந்துகொண்டேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. குருசாமி மாமாவுக்குத் தெரியும். வீட்டு ஓனருக்குத் தெரியும். அநேகமாகக் கிடாவுக்கும் தெரியும். ஏற்பாடு இது: சிவராத்திரிக்கு மறுநாள், பிப்ரவரி பதினாறு, ஊரில் சோணையா கோயிலில் கிடாவெட்டு. தினகரன் வீட்டார் காரில் வருகிறார்கள். நான் பெட்டியோடு போக வேண்டும். பந்தி முடிந்ததும் அங்கிருந்தே அவர்களோடு ஏறிவிட வேண்டும். சாமி முன்னால் என்றால் நான் மறுத்துப் பேச மாட்டேன் என்று கணக்கு.

அம்மா டீச்சருக்கு முறைகளை விளக்கிக்கொண்டிருந்தாள். பூசாரி முதலில் கிடாவின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். கிடா உடம்பை உதறித் துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். துலுக்காத கிடாவை வெட்ட மாட்டார்கள். காதில்கூட ஊற்றிப் பார்ப்பார்களாம்.

"துலுக்காம போனா?" என்றார் டீச்சர்.

"எங்க வம்சத்துல அப்புடி நடந்ததே இல்ல டீச்சரம்மா. இது சூப்பரா துலுக்கும். அன்னைக்கி இவ ஒரு செம்பு ஊத்துனா, அப்பவே உத்தரவு குடுத்துருச்சு."

துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு துணி இன்னும் ஈரமாகவே இருந்தது.

ஜனவரி 7

கிடாவைக் குளிப்பாட்டினேன். நாற்றம் தாங்கவில்லை.

ஜனவரி 8

குளிப்பாட்டினேன்.

ஜனவரி 9

காலையில் ஒருமுறை, கல்லூரியிலிருந்து வந்ததும் ஒருமுறை. மார்கழிக் குளிரில் ஆட்டுக்கு என்னத்துக்கு இத்தனை குளியல் என்று அம்மா கத்தினாள். கொட்டகையில் உண்ணி இருக்கிறது என்றேன். கீழே டீச்சருக்கு வேறு நாற்றம் போகிறது என்றும் சொன்னேன். அது அவளை நிறுத்தியது. இன்னும் ஆறு வாரம் டீச்சரின் மனம் கோணக் கூடாது.

ஜனவரி 12

மஞ்சள் கரைத்த நீர் தோலுக்கு நல்லது என்று எங்கோ படித்த ஞாபகம். அரைச் சிட்டிகை போதும்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். டீச்சர் கிடாவின் கொம்புக்கு நீலச் சாயம் அடித்தார். ஏன் நீலம் என்றால் மாதாவின் நிறமாம். அம்மா அதன் கழுத்தில் கரும்புத் துண்டும் பனங்கிழங்கும் கோத்துக் கட்டினாள். இரண்டு மதங்களும் சேர்ந்து அதை என்ன செய்யப் போகின்றன என்பது தெரியாமல் அது தன் மாலையைத் தானே தின்றது.

பிற்பகலில் தினகரனிடமிருந்து அம்மாவுக்குப் போன். அம்மா எழுந்து நின்று பேசினாள். அவள் ஐந்து முறை "சரிங்க மாப்பிள்ள" என்றாள். என்னிடம் போனை நீட்டினாள். நான் கையில் சாயம் என்று காட்டினேன். என் கையில் சாயம் எதுவும் இல்லை.

மாலை குளிப்பாட்டினேன். நீலச் சாயம் கொஞ்சம் வழிந்தது. துலுக்கியது, ஆனால் அரை மனதாக.

ஜனவரி 22

அம்மா இன்று நேராகக் கேட்டாள். ஒன்பது மாதத்தில் முதல் தடவை. கேட்டது என் காரணத்தை அல்ல. தன் காரணத்தைத்தான் கேள்வியாகப் போட்டாள்.

"ஒரு நோட்டப் படிச்சதுக்காடி ஒருத்தி புருசன் வேணாம்னு வருவா?"

சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

ஒரு நோட்டு அல்ல, நான்கு. பீரோவில் என் புடவைகளுக்குக் கீழே இருந்தவை. அவற்றைத் தினகரன் ஒளிந்துகொண்டு படித்திருந்தால்கூட நான் இருந்திருப்பேனோ என்னவோ. சாப்பாட்டு மேசையில் அவர் அம்மாவுக்கும் அக்காவுக்கும் உரக்க வாசித்துக் காட்டினார், என் குரலில் பேசி. ரசம் பரிமாறிக்கொண்டே நான் கேட்டேன். என் பதினேழு வயதிலிருந்து நான் எழுதிவந்த வாக்கியங்கள். நடுவில் நிறுத்தி, "இந்த எடத்துல எழுத்தாளர் என்ன சொல்ல வர்றாங்க?" என்று என்னையே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் நல்லவர்தான், அவர்கூடச் சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு பக்கம் என்று ஆயிற்று. அடித்தாரா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. குடிக்கிறாரா? இல்லை. அப்புறம் என்னத்துக்கு என்ற இடத்தில் எல்லா விசாரணையும் முடிந்துவிடுகிறது.

தவிட்டு மூட்டையில் இந்த நோட்டின் ஓரத்தைக் கிடா கடித்திருக்கிறது. டிசம்பர் 29 முழுவதும் போய்விட்டது. அவனை மன்னிக்கிறேன். அவன் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

ஜனவரி 30

இருவேளையும்.

பிப்ரவரி 3

இன்று காலை முதுகில் ஒரு செம்பு, தலையில் ஒரு செம்பு. அசையாமல் நின்று அசைபோட்டான். காதுக்குள் அழுக்கு சேர்ந்திருப்பதுபோல் இருந்தது, அங்கும் கொஞ்சம் ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டான், அவ்வளவுதான். சலூனில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள்போல.

நூலகத்தில் இன்று உடம்பு வலித்தது. தண்ணீர் சுமந்துதான்.

பிப்ரவரி 8

அம்மா என் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் மொட்டைமாடியில் கிடாவோடு இருந்தபோது. நல்ல புடவைகள் மேலே, புத்தகங்கள் இல்லை. "அங்க போயி வாங்கிக்கலாம்." அங்கே புத்தகம் வாங்கினால் வாசிப்பவர் யார் என்று எனக்குத் தெரியும்.

பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அம்மா மறுபடி அடுக்கினாள். மாலை வரை இதையே செய்தோம். கடைசியில் அவள் கை ஜெயித்தது. அவளுக்கு நாள் முழுக்க வேலை இல்லை, எனக்குக் கிடா இருக்கிறது.

ஒருவேளை அம்மாவிடம் நேராகச் சொல்லிவிடலாம். நான் அங்கே போக மாட்டேன் என்று நான்கு சொல். படித்துப் படித்து இவ்வளவு வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன், இந்த நான்கும் வாயில் வர மாட்டேன் என்கின்றன. அம்மா சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை விட்டு ஒன்பது மாதம் ஆகிறது. "ஒம்மக எங்க?" என்று கேட்பார்களாம்.

பிப்ரவரி 14

டீச்சர் வழியனுப்ப வந்து ஒரு ஜெபமாலை கொடுத்தார். ஏழாவது நிபந்தனையைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையோடு அந்தச் சிவப்பு வரியை அடித்துவிடலாம் என்றார். சொல்லும்போது மொட்டைமாடிப் பக்கம் பார்த்தார். அகத்திக்கீரைக்காரரிடம் இனி வர வேண்டாம் என்று அவர் இன்னும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 16

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வீட்டுக்கு வந்துவிட்டோம். மணி ஏழு.

காலை பத்து மணிக்குக் கோயில். வேம்படியில் பந்தல். சோணையாவுக்கு மொத்தம் ஒன்பது கிடா, எங்களுடையது நான்காவது. தினகரன் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மாமியார் என் கையைப் பிடித்து, இளைத்துவிட்டாயே என்றார். என் பெட்டி அவர்கள் காரின் பின்புறம் ஏறிவிட்டிருந்தது. நான் ஏற்றவில்லை.

முதல் மூன்று கிடாக்களும் தண்ணீர் பட்டதுமே துலுக்கின. குலவை, அரிவாள். நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கிடாவின்மேல் பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அவன் பூசாரியின் மாலையைத் தின்றான். மறுபடி தெளித்தார். செம்போடு முதுகில் ஊற்றினார். நீலச் சாயம் பூசிய கொம்போடு அசையாமல் நின்றான். குருசாமி மாமா கேரளாவிலிருந்து இதற்கென்றே வந்தவர், "காதுல ஊத்துங்க சாமி" என்றார். ஊற்றினார்கள். கண்ணை மூடிக்கொண்டான்.

அம்மா தரையில் விழுந்து கும்பிட்டு என்ன குற்றம் என்று அழுதாள். நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவள் முதுகு குலுங்கியதைப் பார்த்தபோது, அந்த நிமிடம், கிடா துலுக்கிவிட்டால் போதும் என்று எனக்கே தோன்றியது.

பூசாரி செம்பைக் கீழே வைத்துவிட்டு, "கெடாயில கொற இல்லத்தா. நீ யாருக்காக நேந்தியோ அந்தப் புள்ளையக் கேட்டியா?" என்றார்.

அம்மா எழுந்து, கன்னத்தில் மண்ணோடு, என்னைத் திரும்பிப் பார்த்தாள். "போறியாடி?" என்றாள். கட்டளையில்லை. கேள்விதான். இத்தனை மாதத்தில் முதல் கேள்வி.

"போகலம்மா" என்றேன். நான்கு சொல் தேவைப்படவில்லை.

யாரும் சத்தம் போடவில்லை. போட முடியாது, சாமியே சொல்லிவிட்டது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தினகரன் மட்டும் என் பக்கத்தில் வந்து, மெதுவாக, சிரித்துக்கொண்டே, "இத எந்த நோட்டுல எழுதப் போற?" என்றார். நான் காரிலிருந்து என் பெட்டியை இறக்கினேன். கனமாக இருந்தது. தண்ணீர் சுமந்து கைகள் பழகியிருந்தன.

திரும்பும் வழியில் லோடு ஆட்டோவின் பின்னால் நான், அம்மா, பெட்டி, கிடா. வத்தலகுண்டு தாண்டியதும் அம்மா கிடாவின் கழுத்தில் கை வைத்தாள். வைத்த கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஏன் சோப்பு வாசன அடிக்குது" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தன் முந்தானையால் அவன் காதைத் துடைத்துவிட்டாள்.

இன்று சொல்லாதது ஒன்று இருக்கிறது. அதை இங்கேயும் எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 17

காலையில் டீச்சர் மேலே வந்தார். அம்மா நடந்ததைச் சொன்னாள். டீச்சர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றார். சிவப்பு வரியை இரண்டு முறை வாசித்தார். கணக்கு டீச்சர், எழுதியதற்கு மாற்றுப் பொருள் சொல்ல மாட்டார்.

"நிறைவேறும் நாள் வரைன்னு எழுதிட்டேனே" என்றார்.

"ஆமாம் டீச்சர்" என்றேன்.

"நிறைவேறலையே."

"இல்லை டீச்சர்."

பெருமூச்சு விட்டுக் கீழே போனார். பதினைந்து நிமிடத்தில் அகத்திக்கீரைக் கட்டு வந்தது.

ஜூன் 9

கிட்டத்தட்ட நான்கு மாதமாக எழுதவில்லை. விவாகரத்து மனுவில் நானும் தினகரனும் கையெழுத்துப் போட்டாயிற்று. நோட்டு இப்போது மேசைமேல் இருக்கிறது. அம்மா அதன்மேல் தண்ணீர்ச் செம்பை வைக்கிறாள், திறப்பதில்லை. போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தாள். "எங்க சாமி சொல்லிருச்சு" என்று பதில் சொன்னாளாம்.

குழாயில் வாரம் ஒருமுறைதான் தண்ணீர். கிடாவைக் குளிப்பாட்டி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்று மாலை திடீரென்று தூறல். மொட்டைமாடிக்கு ஓடினேன். முதல் துளிகள் முதுகில் பட்டதும் அவன் தலையிலிருந்து வால்வரை துலுக்கினான்.

அம்மா கீழே டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தாள். அவனைத் தகரக் கொட்டகைக்குள் கட்டினேன்.